சட்ஜம் நகரும்போது: ஜாஸ் குழுவில் ஒரு கர்நாடக வயலின்

முதல் ஒத்திகைக்குப் போன அன்று, சிறு வயது முதல் கைவந்த பழக்கத்தின்படி, வயலினைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே கைப்பேசியில், ஆதார ஸ்வரமான சட்ஜத்தை இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவை ஓடவிட்டேன். சுருதி, அதாவது சட்ஜம் நிற்கும் உயரம், இரண்டு கட்டை. பியானோ வாசிக்கும் நண்பர் தொலைபேசியில் 'டி டோரியன்' என்று சொல்லியிருந்ததை நான் அப்படித்தான் பெயர்த்துக்கொண்டிருந்தேன். டி என்றால் இரண்டு கட்டை. டோரியன் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசையில் சட்ஜத்துக்கு மேலே வருபவை சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். ஆகவே 22ஆவது மேளமான (ஏழு ஸ்வரத் தாய் ராகமான) கரகரப்ரியா. பல ஆண்டுகளாக மேடையில் வாசித்துவரும் ராகம் அது. ஜாஸ் குழுவோடு வாசிப்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்ற நிம்மதியோடு, அந்த வாரம் முழுவதும் கரகரப்ரியாவையே சாதகம் செய்துகொண்டு போயிருந்தேன்.

எடுத்துக்கொண்ட உருப்படி, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் முதல் உருப்படியான 'ஸோ வாட்'. நான்கு அடிகள் கொண்ட பகுதியை ஜாஸ் கலைஞர்கள் ஒரு பார் என்பார்கள். இரண்டு பார் சேர்ந்தால் எட்டு அடிகள் கொண்ட ஒரு ஆதி தாள ஆவர்த்தனம் (தாளச் சுற்று). 'ஸோ வாட்' 32 பார்களில் ஒரு சுற்று முடியும். அதாவது 16 ஆவர்த்தனம். முதல் 16 பார்கள், எட்டு ஆவர்த்தனம், நான் எதிர்பார்த்தபடியே சுகமாகப் போயின. 17ஆவது பாரில் பாஸ் (கனத்த கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), பியானோ இரண்டும் ஒரே நேரத்தில் அரை ஸ்வரம் மேலே ஏறின. என் தம்புரா இரண்டு கட்டையிலேயே நின்றது. நானும் அங்கேயே நின்றேன். அந்த நாராசத்தைக் கேட்டு எல்லாரும் நிறுத்திவிட்டோம். பியானோ நண்பர் மிகுந்த மரியாதையோடு, "அந்தத் தம்புராவை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். தம்புரா இல்லாமல் வாசிக்கச் சொல்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கச் சொல்வதைப் போல எனக்குப் பட்டது.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டு கட்டைச் சட்ஜத்திலிருந்து பார்த்தால், ஏறிய பகுதியின் ஏழு ஸ்வரங்கள் இவை: சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம், காகலி நிஷாதம். இதில் சட்ஜமும் இல்லை, பஞ்சமமும் இல்லை. ச-ப-ச-ப என்று சுருதி கூட்டிய என் வயலினில், நான்கு தந்திகளுள் ஒன்றைக்கூட விரல் வைக்காமல் மீட்ட முடியாத நிலை. நம் இசையில் எந்த ராகத்திலும் நம்மைக் கைவிடாத இரண்டு ஸ்வரங்கள்தான் அந்த எட்டுப் பார்களுக்கு முற்றிலும் அந்நியமாகிவிட்டன.

நம்மிடம் கிரகபேதம் இல்லையா என்று கேட்கலாம். நானும் அதைக் கொண்டு சமாளிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கிரகபேதத்தில் ஸ்வரஸ்தானங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆதாரமாகக் கொள்ளும் ஸ்வரம் மட்டும் மாறுகிறது. அதனால் கரகரப்ரியாவின் ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டால் தோடி கிடைக்கிறது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. ராகத்தின் அமைப்பு அப்படியே இருக்க, வீடே அஸ்திவாரத்தோடு பெயர்ந்து அடுத்த மனையில் போய் நிற்கிறது. பிறகு எட்டுப் பார் கழித்துத் திரும்பி வருகிறது.

எழுதிப் பார்த்ததில் ஒரு நன்மையும் விளைந்தது. இரண்டு நிலைகளுக்கும் பொதுவாக இரண்டே ஸ்வரங்கள் இருப்பதைக் கண்டுகொண்டேன்: சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும். இங்கே காந்தாரமாக இருப்பது அங்கே போனதும் சதுச்ருதி ரிஷபம் ஆகிறது. இங்கே நிஷாதமாக இருப்பது அங்கே சதுச்ருதி தைவதம். ஆகவே 16ஆவது பாரின் கடைசி இரண்டு அடிகளில் நிஷாதத்தில் ஒரு கார்வை (நீட்டல்) கொடுத்து நின்றுவிட்டால், தரை நகர்ந்த பிறகும் நான் நிற்கும் இடம் சரியான இடமாகவே இருக்கும். அங்கிருந்து புதிய சட்ஜத்தை நோக்கி இறங்கவோ ஏறவோ அவகாசம் கிடைக்கும். ஒரே ஒரு கார்வைதான், ஆனாலும் அது எனக்குத் திறந்துவிட்ட வாசல் பெரியது. இந்த வகை வாசிப்புக்கு வரும் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மாறும் இடத்துக்கு முன்னும் பின்னும் பொதுவாக உள்ள ஸ்வரங்களை எழுதி வைத்துக்கொண்டு, முதல் பத்து ஒத்திகைகளுக்கு அவற்றின் மேல் மட்டுமே பாலம் போட்டுப் பழகுங்கள்.

அதற்குத் துணையாக இன்னொரு சாதகமும் செய்தேன். தம்புராவை நிறுத்திவிட்டு, பாஸ் வாசிப்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் அடியில் பிடிக்கும் ஆதார ஸ்வரத்தை மட்டும் வாயால் பாடிக்கொண்டே தாளம் போட்டேன். வயலினைத் தொடவில்லை. மூன்றாவது வாரத்தில்தான், நகரும் சட்ஜம் காதுக்குள் தானாக நகரத் தொடங்கியது. வயலின் கலைஞர்கள் சிலர், இந்த இசைக்காக வயலினை மேற்கத்திய முறைப்படி சுருதி கூட்டிக்கொள்ளுமாறு யோசனை சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. என் விரல்கள் கமகத்தை, ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை, கற்றது ச-ப-ச-ப அமைப்பில். அதை விட்டால் நான் குழுவுக்குக் கொண்டுபோக என்ன இருக்கிறது? அதற்குப் பதிலாக, ஒவ்வொரு உருப்படியிலும் எந்த ஆதாரம் அதிக நேரம் நிற்கிறதோ அதைச் சட்ஜமாக வைத்துக் கூட்டிக்கொள்கிறேன்.

சுருதிக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் சோலோ (ஒருவர் தம் கற்பனையில் தனித்து வாசிக்கும் பகுதி) வாசிக்கும்போது 32 பார்களில் நான் எங்கே இருக்கிறேன் என்பது இரண்டு மாதங்கள் வரை எனக்குத் தெரியவே இல்லை. தாளம் தவறவில்லை. ஆவர்த்தனத்தில் எங்கே இருக்கிறேன் என்பதை இடது கைக் கட்டைவிரலே சொல்லிவிடும். எத்தனையாவது ஆவர்த்தனம் என்பதுதான் சிக்கல். கல்பனாஸ்வரம் (அந்தந்த நேரத்தில் ஸ்வரங்களைக் கோத்துப் படைப்பது) வாசிக்கும்போது எட்டு ஆவர்த்தனம் வாசித்தாலும் ஒன்பது வாசித்தாலும் குற்றமில்லை, பாடல் வரி தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேர்ந்தால் போதும். இங்கே 17ஆவது பார் எனக்காகக் காத்திருக்காது. நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வாசித்தேன். எண்ணினால் கற்பனை நின்றது, கற்பனை ஓடினால் எண்ணிக்கை தவறியது. டிரம்ஸ் வாசிக்கும் இளைஞர்தான் ஒரு நாள் தேநீர் இடைவேளையில், "அக்கா, நீங்க எண்ணாதீங்க. அந்தப் பாட்டை மனசுக்குள்ள பாடிக்கிட்டே வாசிங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு நிரவல் நினைவுக்கு வந்தது. நிரவலில் நாம் செய்வது என்ன? சாகித்தியத்தின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அந்த வரியின் சொற்கள் தாளத்தில் விழும் இடங்களை மாற்றாமல், வரி நின்று பிரியும் இடமான அருதியைக் கலைக்காமல், அவற்றுக்கு இடைப்பட்ட இசையை மட்டும் மேலும் மேலும் புதிதாகப் படைக்கிறோம். ஜாஸ் சோலோவும் அதையே செய்கிறது. கார்டுகள் விழும் இடங்கள்தான் அங்கே சாகித்தியம். அவை அசையாமல் நிற்க, மற்ற எல்லாம் புதிதாகப் பிறக்கின்றன. இத்தனை நாளும் நான் ஜாஸ் சோலோவைக் கல்பனாஸ்வரத்தோடு ஒப்பிட்டு அணுகிக்கொண்டிருந்தேன். வெளிப் பார்வைக்கு இரண்டும் வேகமாக ஓடுபவை என்பதைத் தவிர அந்த ஒப்பீட்டுக்கு ஆதாரம் இல்லை. நிரவல்தான் சரியான உறவு. அன்றிலிருந்து ஒவ்வொரு உருப்படிக்கும், மூல மெட்டுக்குப் பொருந்தும்படி நானே சில தமிழ்ச் சொற்களைக் கட்டிக்கொண்டு, அந்தச் சொற்களை மனத்துக்குள் பாடியபடியே வாசிக்கிறேன். 17ஆவது பாரில் எனக்கென்று ஒரு சொல் விழும். அந்தச் சொல் வந்துவிட்டால் சட்ஜம் நகரப்போகிறது என்பது எண்ணாமலேயே தெரிந்துவிடும்.

நம் இசையிலிருந்து அங்கே போகிற எவரும் இதைப் பொறுமையாகச் சிந்திக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஹரிகாம்போஜிக்கு மிக்ஸோலிடியன், கல்யாணிக்கு லிடியன், நடபைரவிக்கு ஏயோலியன், வாசஸ்பதிக்கு லிடியன் டாமினன்ட் என்று அட்டவணை போட்டுக் கற்பிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அட்டவணை தவறில்லை, எனக்கும் அது உதவியது. ஆனால் ஸ்வரங்கள் ஒன்றாக இருப்பதால் இரண்டு இசையும் ஒன்றாகிவிடுவதில்லை. ஒவ்வொரு இசையிலும் எது அசையாமல் நிற்கிறது, எது விளையாட விடப்பட்டிருக்கிறது என்ற கேள்விதான் என்னை உள்ளே அழைத்துப் போனது. நம்மிடம் சுருதி நிற்கிறது, ராக லட்சணம் நிற்கிறது, சாகித்தியத்தின் இடம் நிற்கிறது. அவர்களிடம் கார்டுகளின் வரிசையும் 12 அல்லது 32 பார் என்ற சுற்றும் நிற்கின்றன.

தாளத்தைப் பொறுத்தவரை நாம்தான் தேர்ந்தவர்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அது கலைந்தது ஒரு கச்சேரி மேடையில். சிறிய அரங்கம், நூறு பேர் இருந்திருப்பார்கள். 12 பார் ப்ளூஸ் உருப்படி ஒன்றின் கடைசி நான்கு பார்களுக்கு நான் ஒரு மோரா (மூன்று முறை வந்து முடியும் தாளக் கோர்வை) அமைத்திருந்தேன். நான்கு பார்களில் 16 அடிகள். அடிக்கு இரண்டாகக் கொண்டால் 32 எண்ணிக்கை. ததிகிணதொம் என்ற ஐந்து எழுத்துச் சொற்கட்டு இரண்டு முறை சேர்ந்தால் பத்து, பிறகு ஒன்று கார்வை (இடைவெளி), மறுபடியும் பத்து, ஒன்று, மறுபடியும் பத்து. 32 தீர்ந்து அடுத்த சுற்றின் முதல் அடியில் விழும். கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. மேடையில் வாசித்தேன், சரியாக முதல் அடியில் வந்து இறங்கினேன். ஆனால் பாஸ் வாசிப்பவர் அரை அடி தள்ளி இறங்கினார், பியானோ இருவருக்கும் நடுவில் தத்தளித்தது, டிரம்ஸ் தம்பிதான் இரண்டு பார்களுக்குள் எல்லாரையும் இழுத்துச் சேர்த்தார்.

பழி பாஸ் வாசித்தவர் மீது இல்லை என்பது பதிவைக் கேட்டபோது புரிந்தது. ஸ்விங் என்று சொல்லப்படும் நடையில், ஒரு அடியின் இரண்டு பாதிகள் சமமாக இருப்பதில்லை. முதல் பாதி நீளும், இரண்டாம் பாதி குறுகும். மிதமான காலப்பிரமாணத்தில் அது ஏறக்குறைய, அடிக்கு மூன்று மாத்திரை வரும் திஸ்ர நடையின் முதல் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து ஒன்றாகவும் மூன்றாவதைத் தனியாகவும் வாசிப்பதைப் போல இருக்கும். வேகம் கூடக்கூட இரண்டும் சமமாகிக்கொண்டே போகும். நான் என் மோராவைச் சம மாத்திரைகளில், சதுஸ்ர நடை வாசிப்பதைப் போலவே வாசித்திருந்தேன். மேலும் என் மோராவின் முதல் ததிகிணதொம் அடியில் தொடங்குகிறது; கார்வைக்குப் பிறகு வரும் இரண்டாம் முறை அரை இடத்தில் தொடங்குகிறது; மூன்றாம் முறை மறுபடியும் அடிக்கு வருகிறது. ஸ்விங் நடையில் வாசித்திருந்தால், அந்த இரண்டாம் முறை குறுகிய பாதியில் எழும்பியிருக்கும், அது அரை இடம் என்பதைக் கேட்டவுடன் எவரும் உணர்ந்திருப்பார்கள். நான் எல்லாவற்றையும் சமமாக வாசித்ததால், அந்த அரை இடமே அடி என்று அவர் காதுக்குப் பட்டது. கணக்கு சரியாக இருந்தும் கூட வாசித்தவருக்கு அது புரியாமல் போனதற்கு நானே பொறுப்பு.

அடுத்த ஒத்திகையில் வாத்தியங்களை ஓரமாக வைத்துவிட்டு, நால்வரும் வட்டமாக உட்கார்ந்து ததிகிணதொம்மைக் கொன்னக்கோலாக (தாளச் சொற்களாக வாயால்) சொன்னோம். டிரம்ஸ் தம்பி ரைடு சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஸ்விங் நடையை மட்டும் மெல்ல வைத்துக்கொண்டிருந்தார். அடியில் தொடங்கும் ததிகிணதொம் ஒரு வடிவத்தில் வருகிறது: த நீள்கிறது, தி குறுகுகிறது, கி நீள்கிறது. அரையில் தொடங்கும்போது அதே சொற்கள் தலைகீழான வடிவத்தில் வருகின்றன: த குறுகி, தி நீள்கிறது. இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஐந்து எழுத்துகளுக்கு இப்படி இரண்டு முகங்கள் இருப்பதை நான் முதன்முறையாகக் கேட்டேன். பாஸ் வாசிப்பவர் அன்று மோராவை மனப்பாடம் செய்துவிட்டார். அதன் பிறகு எங்கள் குழுவில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். வாயால் எல்லாரும் சேர்ந்து சொல்ல முடியாத எந்தக் கோர்வையும் மேடைக்குப் போகக் கூடாது. கொன்னக்கோல் இன்று உலகெங்கும் ஜாஸ் தாளக் கலைஞர்கள் விரும்பிக் கற்கும் கலையாகியிருப்பதற்குக் காரணம், வாத்தியம் எதுவானாலும் அது எல்லார் வாயிலும் ஒன்றாக இருக்கிறது என்பதுதான்.

தாளம் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜாஸ் கேட்பவர்கள் நான்கு அடிகளில் இரண்டாவதிலும் நான்காவதிலும் கை தட்டுவார்கள், டிரம்ஸின் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டும் அங்கேதான் மூடும். எனக்கு அது தலைகீழாக நடப்பதைப் போல இருந்தது. ஒரு நாள் ஹை-ஹாட்டைக் கேட்டபடியே ஆதி தாளத்தைக் கையில் போட்டேன். தட்டு விழும் இடங்கள் ஒன்று, ஐந்து, ஏழு. ஹை-ஹாட் விழும் இடங்கள் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. அதாவது சுண்டுவிரல், நடுவிரல், வீச்சு, வீச்சு. நம் கை ஓசை எழுப்பாமல் மென்மையாகக் கடந்துபோகும் இடங்களில்தான் அங்கே ஓசை எழுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, ஒன்றின் இடைவெளியில் மற்றது உட்கார்கிறது. காலப்பிரமாணத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை இரண்டிலும் நான்கிலும் ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு, கையில் ஆதி தாளம் போட்டபடி கீதமோ வர்ணமோ பாடிப் பாருங்கள். முதல் நாள் கை திணறும். ஒரு வாரத்தில் உடலுக்குப் பழகிவிடும்.

ஐந்து அடித் தாளங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் அமைத்து, பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு 1959இல் வெளியிட்ட 'டேக் ஃபைவ்' மூன்று இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது: தகிட தக. நம் கண்ட சாபு இரண்டு மூன்று: தக தகிட. ஐந்து என்றதும் நான் கண்ட சாபு போட்டு, முதல் சுற்றிலேயே பியானோவோடு மோதினேன். புரூபெக் அதற்கு முந்தைய ஆண்டான 1958இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டார் என்பதை நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

கமகத்தைப் பற்றி எழுதாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. கரகரப்ரியாவின் காந்தாரம் அசையும் காந்தாரம். ரிஷபத்திலிருந்து எழுந்து, மத்யமத்தின் சாயலைத் தொட்டு ஆடுவதுதான் அதன் உயிர். பியானோவின் காந்தாரம் அசையாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் என் காந்தாரம் சுருதி விலகியதைப் போலக் கேட்கும். நான் அசைவைக் குறைத்தால் ராகம் காணாமல் போகும். பல நாள் தயங்கிவிட்டு, பியானோ நண்பரிடம் நேராகவே கேட்டேன்: நான் வாசிக்கும்போது காந்தாரத்தை எனக்கு விட்டுவிட முடியுமா? அவர் உடனே ஒப்புக்கொண்டு, ஆதாரம், பஞ்சமம், அவற்றின் மேல் நான்காம் ஸ்வர இடைவெளிகள் என்று கார்டை அமைத்துக்கொண்டார். அந்த ஒரு ஸ்வரம் காலியானதும் ராகம் மூச்சு விட்டது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், இந்திய இசையும் ஜாஸும் கலந்த சக்தி குழுவுக்காகத் தமது கிட்டாரின் மெட்டுகளுக்கு (ஃப்ரெட் கம்பிகளுக்கு) இடையே மரத்தைக் குடைந்து, வீணையைப் போலத் தந்தியை அழுத்தி இழுக்கும்படி செய்துகொண்டதும் இந்தத் தேவையால்தான். அவர் கர்நாடக இசை அறிஞர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். கமகத்தை அலங்காரம் என்று அவர் நினைக்கவில்லை என்பதை அந்தக் கிட்டாரே காட்டுகிறது. எல். சங்கரின் வயலினும் ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் அவரோடு சேர்ந்து 1975இல் மேடையில் ஒலித்த பதிவை இன்றும் பாடப் புத்தகமாகக் கேட்கிறேன். அதில் பியானோ இல்லை, பாஸும் இல்லை. கார்டுகளின் பாரத்தை இறக்கி வைத்ததால்தான் ராகத்துக்கு அவ்வளவு இடம் கிடைத்தது என்பது என் கணிப்பு.

எல்லா ராகமும் இதற்கு இசையாது. ஹம்ஸத்வனியின் ஐந்து ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், ஜாஸ் பியானோவில் அன்றாடம் ஒலிக்கும் மேஜர் நைன்த் கார்டு அப்படியே கிடைக்கிறது. அந்த ராகத்தை நான் வாசிக்க, பியானோ எதை வாசித்தாலும் உறுத்துவதில்லை. மோகனம், சாருகேசி, வாசஸ்பதி, கௌரிமனோகரி ஆகியவையும் நன்றாகப் பொருந்தின. சஹானாவையும் பேகடாவையும் முயன்று பார்த்துக் கைவிட்டோம். அந்த ராகங்கள் ஸ்வரங்களின் வரிசையில் இல்லை, பிடிகளில், அதாவது அவற்றுக்கே உரிய ஸ்வரக் கோவைகளில், வாழ்கின்றன. அடியில் கார்டு வைத்தவுடன் பிடி உடைந்து ஸ்வரம் மட்டும் மிஞ்சுகிறது. சாகித்தியத்தோடு கூடிய கீர்த்தனைகளுக்கும் நாங்கள் கார்டு அமைப்பதில்லை. அது என் வேண்டுகோள், மற்றவர்கள் மனமுவந்து ஏற்றார்கள்.

மிருதங்கத்தோடும் ஒரு சிக்கல் எழுந்தது. எங்களோடு சில கச்சேரிகளில் வாசித்த மூத்த மிருதங்க வித்வான், 'ஸோ வாட்'டின் 17ஆவது பாரில் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வலந்தலை சட்ஜத்துல சேர்த்திருக்கேம்மா, நீங்க எல்லாரும் எங்கியோ போயிட்டா நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஆதாரம் நகரும் உருப்படிகளுக்கு அவர் கஞ்சிராவை எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்தோம். கஞ்சிரா எந்தச் சட்ஜத்தோடும் கட்டுப்பட்டதில்லை. ஒரே ஆதாரத்தில் நிற்கும் உருப்படிகளுக்கு மிருதங்கம். அப்போது டிரம்ஸ் தம்பி குச்சிகளை வைத்துவிட்டுப் பிரஷ்களால் வாசிப்பார், சிம்பலைக் குறைப்பார். இல்லையென்றால் மிருதங்கத்தின் மீட்டுச் சொல் ஒன்றுகூட அரங்கத்துக்குப் போய்ச் சேராது.

இதுவரை நான் கற்றதையே எழுதிவிட்டேன்; அவர்களும் என்னிடம் வந்து சேர்ந்த தூரம் சிறிதல்ல. சாருகேசியில் ஒரே ஆதாரத்தில் 20 நிமிடம் ஆலாபனை (தாளமின்றி ராகத்தை விரிப்பது) செய்யப்போகிறேன் என்றதும் பியானோ நண்பருக்குக் கை பரபரத்தது. நான் கார்வை கொடுக்கும் ஒவ்வொரு இடத்தையும் அவர் நிரப்பிவிடுவார். நின்றால் நின்ற இடம் வளரும் என்பதை நான் சொல்லி விளக்க முடியவில்லை. ஆகவே அவரை மார்கழியில் ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன். மேல் சட்ஜத்தைத் தொடுவதற்குப் பாடகர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதைக் கவனித்தவர், அடுத்த ஒத்திகையில் என் ஆலாபனையின் போது மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பாஸ் வாசிப்பவர் வில்லை எடுத்துச் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீட்டி இழுக்கத் தொடங்கினார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961இல் நியூயார்க்கில் 'இந்தியா' என்ற உருப்படியை இரண்டு டபுள் பாஸ்களோடு வாசித்த பதிவை அவர் எனக்குப் போட்டுக் காட்டினார். தம்புராவை நிறுத்தச் சொன்ன அதே குழுவுக்குள் தம்புரா வேறு உருவத்தில் திரும்பி வந்ததை எண்ணி எனக்குக் கண் கலங்கியது. கோல்ட்ரேன் தம் மகனுக்கு ரவி சங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டவர்.

வயலின் படிக்கும் பிள்ளைகள் இதற்கு எப்போது வரலாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். ராகத்தைத் தாங்கிப் பிடிக்கக் கை பழகிய பிறகு என்பதே என் பதில். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவின் 2008ஆம் ஆண்டுப் பதிவில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸஃபோனையும் ஏ. கன்யாகுமாரி அவர்களின் வயலினையும் கேட்டால், அவர்கள் இருவரும் தங்கள் வாசிப்பை எங்கும் தளர்த்திக்கொள்ளவில்லை என்பது விளங்கும். நம் வயலினே வெளியிலிருந்து வந்த வாத்தியம்தான். பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றதும், அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்ததும் நம் சங்கீதத்தை மெலியவைக்கவில்லை.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது தோடி. அதன் காந்தாரத்தை எந்தக் கார்டும் தாங்காது என்று நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். சென்ற வாரம் பாஸ் வாசிப்பவர், தாம் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வில்லால் இழுப்பதாகவும், பியானோ முதல் ஆறு நிமிடம் தொடவே வேண்டாம் என்றும் யோசனை சொன்னார். அதன் பிறகு பியானோ எந்த ஸ்வரத்தில் உள்ளே நுழைவது என்பதில் இன்னும் முடிவு எட்டவில்லை. நான் தைவதம் என்கிறேன், அவர் மந்திர (கீழ்) ஸ்தாயி மத்யமம் என்கிறார். வியாழக்கிழமை இரண்டையும் வாசித்துப் பார்க்கப் போகிறோம்.